தேதி கேட்டது தப்பில்லை, கண்ணு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வெச்ச விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "அந்த வீடியோவ அழிக்கச் சொல்லுங்கம்மா, இல்லீன்னா இனி என்கூடப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வெச்சுவிட்டாய். சிக்னல்தான் போயிருக்கும் என்று கொஞ்ச நேரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா கொப்பரைக் களத்திலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். "பையன் கோவிச்சுக்கிட்டானாக்கும்" என்றார். ஆமாம் என்றேன். "நீ என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். "பேசுனது பேசுனதுதான்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் களத்துக்குப் போய்விட்டார்.

நீ பேசமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். நான் கூட்டத்தில் பேசியதை ஊரே போனில் பார்த்துவிட்டது. பாதியைப் பார்த்தவர்கள் மீதியையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீ இருக்கும் நாட்டின் பெயரை எழுதவில்லை. உன் பெயரையும் எழுதவில்லை. அந்த மட்டுக்கு உன் வேலையின் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பதையும் உன் வேலையின் கட்டுப்பாடு என்று என் தலையில் கட்டாதே. சீருடை நீ போட்டிருக்கிறாய். நான் போடவில்லை.

அந்தக் கூட்டம் எப்படிக் கூடியது என்றே உனக்குச் சரியாகத் தெரியாது. உங்கள் முகாமின் தண்ணீர் லாரியை வழிமறித்துச் சுட்டார்கள், ஒருவர் இறந்துபோனார், அதை ஓட்டிய நம் படைப் பையன் ஆசிப் காலில் குண்டுபட்டான் என்ற செய்தி வந்த வாரம் அது. டிவியில் தினமும் அதே விவாதம்தான். பல நாட்டுப் படைகளோடு சேர்ந்து போன நம் படையை உடனே திருப்பி அழை என்கிறார் ஒருவர். அங்கே தேர்தல் முடியட்டும் என்கிறார் இன்னொருவர். மற்ற நாட்டுக்காரர்கள் கிளம்பிய பிறகு நாம் கிளம்புவோம், முதலில் போனால் மானம் போய்விடும் என்கிறார் மூன்றாமவர். ஒருவருடைய பிள்ளையும் அங்கே இல்லை என்பது அவர்கள் பேசுகிற சுகத்திலேயே தெரிந்தது. பிள்ளைகளை அனுப்பிய நாங்கள், இந்தப் பக்கத்துக் குடும்பங்கள், கோயமுத்தூர் காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினோம். ஒரு ரிட்டையர்டு கர்னல் தலைமை. நல்ல மனுசர். ஒவ்வொரு வீட்டாரையும் பெயர் கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தார். அதன் பிறகு மைக்கைப் பிடித்து, இந்த நேரத்தில் நாம் பொறுமையாக இருப்பதுதான் நம் பிள்ளைகளுக்குச் செய்கிற உதவி என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். அப்புறம் எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கம்மா."

"ஒரு வருசம்னு சொல்லித்தானுங்க கூட்டிட்டுப் போனாங்க. அது தாண்டியாச்சு. எப்பத் திரும்பி வருவாங்க?"

"அது அங்கத்த சூழ்நிலையைப் பொறுத்துங்கம்மா."

"எந்தச் சூழ்நிலை வந்தா வருவாங்க? அதையாச்சும் சொல்லுங்க."

"அம்மா, பசங்க அங்க நிக்கறப்ப நாம இங்க இப்படிப் பேசினா, அவங்க மனசு ஒடஞ்சுபோகும்."

"எம்பையன் மனசு அப்படி ஒடையற மனசில்லீங்க. ஒடஞ்சாலும் ஒட்டவெக்க நானிருக்கறேன். உசுரு போனா ஆருங்க ஒட்டவெக்கறது? எனக்குத் தேதி சொல்லுங்க."

கை தட்டினார்கள். தட்டல் கேட்டதும் எனக்கு வேகம் ஏறிவிட்டது. அந்த வேகத்தில்தான் நீ கேட்டுக் கொதித்துப்போன அந்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன். "அந்த ஊர்ச் சனங்களுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" வீடியோ அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடந்ததை எடுத்தவன் வெட்டிவிட்டான். அதற்குப் பிறகு எழுந்தவள் மும்தாஜ், ஆசிப்பின் அம்மா.

கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் நான் அவளைப் பார்த்ததில்லை. மைக் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தே பேசினாள். "அக்கா, எம்பையன் கால்ல குண்டோட ஆஸ்பத்திரியில கெடக்கான். அவன் ஓட்டிட்டுப் போனது தண்ணி லாரி. அந்தத் தண்ணி ஆருக்குன்னு நீங்க கேக்கலியே? முகாம் வேலிக்கு வெளிய கெடக்கற பொம்பளைகளுக்கும் புள்ளைகளுக்கும். அவங்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லீன்னா, எம்பையன் எதுக்கக்கா அடிபட்டான்? சும்மாவா?" நான் உட்கார்ந்துவிட்டேன். இதை ஒருவனும் போனில் ஏற்றவில்லை.

மறுநாளிலிருந்து உடுமலைச் சந்தையில் நான் நடந்தால் பேச்சு நின்றுபோகும். சோமனூரில் உன் சித்தப்பா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த விசைத்தறிக்காரர் ஒருவர், யாரிடமோ சொல்வதுபோல, "பையன் துப்பாக்கியோட நிக்கறான், ஆத்தாக்காரி மைக்கப் புடிச்சு அழுவறா" என்றார். உன் சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் இலையை மூடவில்லை. "அழுவலீங்க, கேட்டனுங்க. உங்க தறிக்கு வந்த ஆள ஒரு சிப்டு முடிஞ்சும் ஊட்டுக்கு விடலீன்னா அவன் பொண்டாட்டி வந்து கேப்பாளா மாட்டாளா? அதைத்தான் நானும் கேட்டேன்" என்றேன். ரசம் ஊற்ற வந்த பையன் சிரித்துவிட்டான். நான் பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

வீடியோ வந்த புதிதில் கூப்பிட்டபோது போனில் நீ உன் மாமனை இழுத்தாய். இழுத்தது நல்லதுதான். என் அண்ணன் இலங்கைக்குப் போன படையில் இருந்தது உனக்குத் தெரியும், அங்கே இறந்தது தெரியும். இடையில் நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. கடைசியாக லீவில் வந்தபோது அண்ணன் சரியாகச் சாப்பிடவே இல்லை. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பம்பு செட்டுத் தொட்டியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னான்: "அம்மணி, அங்க கடைக்குப் போனா, என்ன தம்பி வேணும்னு நம்ம பாஷையிலயே கேக்கறாங்க. நான் துப்பாக்கியோட நின்னு சோப்பு வாங்கறேன். நாங்க எதுக்கு வந்தோம்னு அவங்களுக்கும் புரியல, இப்ப எனக்கும் புரியல." அப்படியென்றால் திரும்பி வந்துவிடு என்றேன். சிரித்தான். "அது என்ர கையிலயா இருக்குது?" என்றான்.

அவன் போன கொஞ்ச நாளில், படை திரும்பப் போகிறது என்று ரேடியோவில் செய்தி வந்தது. எங்கள் வீடு எப்படி இருந்தது என்று நினைக்கிறாய்? எங்கப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தாராபுரம் பக்கம் ஆள் அனுப்பினார்கள். ஆனால் அறிவித்தபடி படை வரவில்லை. பேச்சு நடந்துகொண்டே இருந்தது. எப்படித் திரும்புவது, யார் முதலில், எந்தத் துறைமுகம் வழியாக, மானத்தோடு திரும்புவது எப்படி என்றெல்லாம். டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்து நம் ஊர்க்காரர்களும் அதையே பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒருநாள் தந்தி வந்தது. ரோட்டில் புதைத்து வைத்திருந்த வெடியில் அவன் போன வண்டி ஏறிவிட்டது. போனதே தப்பா சரியா என்று நான் இன்றுவரைக்கும் யாரிடமும் வாதாடியதில்லை. போவது முடிந்துபோனது, திரும்புவது என்று முடிவும் ஆகிவிட்டது, அதற்கப்புறம் செத்தவன் எதற்காகச் செத்தான் என்றுதான் கேட்கிறேன். எனக்கு அதற்குப் பதில் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. எங்கப்பா அந்தச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்க்கப் பொறுக்காமல் பின்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதில் உனக்குத் தெரிந்த மட்டில் வைத்து நீ அன்றைக்குப் போனில் என்ன சொன்னாய்? "மாமா இருந்ததால சாகலீங்கம்மா. கெளம்பறப்பத்தான் செத்தாரு. அவசரமாக் கெளம்பறதுதான் நெம்ப ஆபத்து. அதத்தான் நான் சொல்றேன். நாங்க நாளைக்கே மூட்டை கட்டுனா, ரோட்டுல எங்களை அடிப்பாங்க. நாங்க போனதும் வேலிக்கு வெளிய இருக்கற சனத்த அடிப்பாங்க." யோசித்துப் பார்த்தேன், கண்ணு. நீ சொன்னது பொய் இல்லை. ஒரே சாவை வைத்துக்கொண்டு நீ ஒரு முடிவுக்கு வருகிறாய், நான் வேறொரு முடிவுக்கு வருகிறேன். ஆனால் யோசித்ததில் என் பிடி தளரவில்லை. எங்கே பிடிக்க வேண்டும் என்பதுதான் மாறியது. அதை மாற்றியது நீயுமில்லை, அந்தக் கர்னலுமில்லை. ஆசிப்.

அவனைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் போனேன். உங்கப்பா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். மும்தாஜிடம் தனியாகத்தான் பேச வேண்டும் என்று இருந்தது. அவள் கதவைத் திறந்து, "வாங்கக்கா, சண்டை போடறதுன்னாலும் உக்காந்து போடலாம்" என்றாள். தையல் மெஷின் மேல் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டாள். உள்ளே கட்டிலில் ஆசிப் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன்னைவிடச் சின்னவன். என்னைப் பார்த்ததும், "வீடியோ அம்மாதானுங்களே நீங்க?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். மும்தாஜ் சிரிக்கவில்லை.

அவனாகத்தான் சொன்னான். லாரியை மறித்துச் சுட்டபோது கதவைத் திறந்து கீழே விழுந்திருக்கிறான். எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீருக்காகக் குடத்தோடும் கேனோடும் வரிசையில் நின்ற கூட்டம் சிதறி ஓடியிருக்கிறது. அதில் ஒரு பெண் மட்டும் திரும்பி வந்திருக்கிறாள். அவன் சட்டைக் காலரைப் பிடித்து, ஒரு மண்சுவருக்குப் பின்னால் இழுத்துப்போட்டு, தன் இடுப்பில் குழந்தையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் காலில் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். குழந்தையைப் பக்கத்தில் தரையில் விட்டிருந்தாளாம். "அவங்க பேசுன பாஷை ஒரு வார்த்தை எனக்குத் தெரியாதுங்கம்மா. ஆனா திட்டறாங்கன்னு தெரிஞ்சுது. தூங்கிராத, கண்ண மூடாதன்னு எங்கம்மா திட்டற மாதிரியே இருந்துச்சு" என்றான். மும்தாஜ் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அங்கேயே, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, நான் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சம்பந்தம் இருக்கிறது. அடுப்படிக்குப் போய் மும்தாஜிடமும் வாய்விட்டுச் சொன்னேன். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மும்தாஜ்." அவள் திரும்பாமலேயே, "செரி, டீக்குச் சர்க்கரை போடட்டுமா?" என்றாள். உனக்கும் சொல்கிறேன், ஊருக்கும் சொல்கிறேன். அந்த ஒரு வாக்கியம் தப்பு. அதை மட்டும் வெட்டிவிடச் சொன்னால் வெட்டச் சொல்கிறேன். மற்ற எதையும் வெட்ட விடமாட்டேன். ஏனென்றால் டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஆசிப் இன்னொன்றும் சொன்னான்.

வேலிக்கு வெளியே இருக்கும் அந்தச் சனங்களே தினமும் கேட்பார்களாம், நீங்கள் எப்போது போவீர்கள் என்று. போகச் சொல்லிக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். பக்கத்து முகாமில் வேறொரு நாட்டுப் படை இருந்ததாம். அவர்கள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். காலையில் தண்ணீர் பிடிக்க வந்த சனம் பார்த்தால் கூடாரமும் இல்லை, காவலும் இல்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் நடக்க முடியாத கிழங்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆற்றுக்கு அக்கட்டால, எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். தெரியாததால் எல்லோரும் சுட வந்தவர்களிடம் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். "எங்களுக்கும் தேதி தெரியாதுங்கம்மா, அவங்களுக்கும் தெரியாது. அவங்க கேக்கறப்ப நாங்க சிரிச்சுட்டு வந்துருவோம்" என்றான் ஆசிப். மும்தாஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மண்டபத்தில் எதிரெதிராக நின்ற நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பக்கமாகிவிட்டோம். அவளுக்கு அந்தச் சனம் சாகக் கூடாது. எனக்கு நீங்கள் சாகக் கூடாது. ரெண்டுக்கும் தேதி வேண்டும்.

இப்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தேதியை வெளியே சொன்னால் எதிரி அதுவரை காத்திருப்பான் என்பாய். டிவியில் கோட்டுப் போட்டவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கண்ணு, அவன் இப்போது மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறான்? அது அவன் ஊர். அவனுக்கு எங்கேயும் திரும்பிப் போக வேண்டியதில்லை. தேதி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவன் காத்திருக்கத்தான் போகிறான். தேதி தெரியாமல் கெட்டுப்போவது, துணியை அவிழ்த்துக் கட்டினாளே, அந்தப் பெண்ணும் நீங்களும்தான். உன் மாமன் விஷயத்தில் நீ சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். அவசரமாகக் கிளம்பினால் ஆபத்து. அதனால்தான் முன்னாலேயே தேதி குறிக்கச் சொல்கிறேன். நாள் குறித்தால்தான் யார் முதலில் போவது, யார் கடைசிவரை வேலியில் நிற்பது, அந்தச் சனத்தை யார் பொறுப்பில் விடுவது என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். நாள் குறிக்காத கல்யாணத்துக்கு எவனாவது பந்தல் போடுகிறானா? நாள் குறிக்காமல் விட்டால் ஒருநாள் திடீரென்று கிளம்பு என்பார்கள். நீ பயப்படுகிற அந்த அவசரம் அப்போதுதான் வரும்.

நானும் மும்தாஜும் இதை மனுவாக எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனோம். நான் படித்தேன், அவள் பக்கத்தில் நின்றாள். கர்னல் ஐயா முழுசாகக் கேட்டார். பிறகு, "இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்கம்மா. என்ர வாழ்நாள் பூரா உத்தரவு கேட்டே பழகிட்டேன். உத்தரவுகிட்டக் கேள்வி கேட்கப் பழகலை" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. "நீங்க பழகலீங்க. நாங்க உத்தரவே கேட்டதில்லீங்க, அதனால கேள்வி சுலபமா வருது" என்றேன். பாதிக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. மீதிப்பேர் பிள்ளைகளுக்கு ஏதாவது இடைஞ்சல் வந்துவிடும் என்று பயந்து எழுந்து போய்விட்டார்கள். பல்லடத்திலிருந்து வந்த ஒருவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து போட்டார். அவர் மனைவி வெளியே நின்று அவரைத் திட்டியது உள்ளே கேட்டது. திட்டி முடித்துவிட்டு அவளும் வந்து போட்டாள்.

நீ இன்னும் ஆறு மாதம் இருப்பதாக நீயாகவே எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, ஆசிப் சொன்னான். வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அதை வாபஸ் வாங்கு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சனத்தை விட்டுவிட்டு வர உனக்கு மனசு வரவில்லை. சின்னப் பிள்ளையில் அடிபட்ட நாய்க்குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, நான் கத்தக் கத்த அடுக்களையில் படுக்கப்போட்டவன் நீ. உன்னிடம் நான் வேறு என்ன எதிர்பார்ப்பேன்? நீ அங்கே நிற்பது உன் பிடிவாதம். உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் இங்கே நிற்பது என் பிடிவாதம். ரெண்டும் ஒரே வீட்டுச் சரக்குதான். என்னுடையதை விட்டுக்கொடுத்தால்தான் மகனாகப் பேசுவேன் என்று நீ சொல்வது மட்டும் நியாயமில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று உனக்கு மேலதிகாரி சொல்லலாம். எனக்கு நீ சொல்லாதே.

புதன்கிழமை நானும் மும்தாஜும் டெல்லிக்கு ரயில் ஏறுகிறோம். நம் தொகுதி எம்.பி. நேரம் கொடுத்திருக்கிறார். அவர் கேட்டால் சரி. கேட்காவிட்டால் அங்கே வேறு கதவுகள் இருக்கின்றன, அவற்றையும் தட்டுவோம். இந்தி எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. தேதி என்கிற வார்த்தைக்கு அங்கே என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். சில பேர் ராணுவத்துக்கு எதிரி என்று எழுதுவார்கள். சில பேர் பயந்தாங்கொள்ளி என்பார்கள். எழுதட்டும். இப்போதெல்லாம் நான் அதை எல்லாம் படித்துவிட்டுத்தான் காலையில் கொப்பரை எடை போடப் போகிறேன்.

நீ கோபத்தோடு இரு, பரவாயில்லை. கவசம் போடாமல் மட்டும் வெளியே போகாதே. அந்தப் பெண்ணைப் பார்த்தால், ஆசிப் நடக்கப் பழகுகிறான் என்று எப்படியாவது புரியவை. அவளும் உன்னிடம் எப்போது போவீர்கள் என்று கேட்பாள். அப்போது சிரித்துவிட்டு வந்துவிடாதே. உனக்கும் தெரியாது என்று சொல். அந்தத் தேதியைக் கேட்கத்தான் எங்கள் ஊரிலிருந்து ரெண்டு பொம்பளைகள் கிளம்பியிருக்கிறார்கள் என்று சொல்.

உன் அம்மா